கொழுப்பு சும்மா கிடக்கிறதா? – கடிதம்

வணக்கம் சார்,

அட்ரினலின் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செல்லுக்குள் ஹார்மோனை அடைத்து வைத்திருக்கும் நுண்பை செல்சவ்வோடு ஒட்டி அதை வெளியே கொட்டுவதை விளக்கும்போது புரதங்களைப் பற்றி மட்டும்தான் சொல்கிறீர்கள். சவ்வே கொழுப்பால் ஆனதுதானே, அதற்கு இதில் வேலை எதுவும் இல்லையா? இன்னொன்று. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறையும் என்று என் நண்பர் பாஸ்பாடிடைல் செரின் மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சு.

அன்புள்ள சு.,

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அது என் சோம்பேறித்தனம்தான். ஸ்நேர் புரதங்களின் கதை சொல்வதற்கு வசதியானது: நுண்பையில் ஒரு புரதம், செல்சவ்வில் இரண்டு, மூன்றும் கயிறு போல முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வையும் இழுத்து நெருக்கும். ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவரும் 2013இல் நோபல் பரிசு வாங்கிய ஆராய்ச்சியிலும் இந்தப் புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அப்படி நெருக்கிய பிறகு ஒன்றோடொன்று கலக்க வேண்டியது கொழுப்புதான், அந்தக் கட்டத்தை நான் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன்.

அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியில் இருக்கும் குரோமாஃபின் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அட்ரினலின் அடைத்த நுண்பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நுண்பையின் உறையும் சரி, செல்சவ்வும் சரி, நாலைந்து நானோமீட்டர் கனமுள்ள கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்குதான். இரண்டும் கலக்கும்போது முதலில் ஒன்றையொன்று பார்த்திருக்கும் அடுக்குகள் மட்டும் ஒட்டி, நடுவில் ஒரு குறுகிய தண்டு உருவாகிறது. அந்த இடத்தில் சவ்வு கடுமையாக வளைய வேண்டும், எல்லாக் கொழுப்பும் அதற்கு ஒத்துவராது. தலை சிறுத்து வால் அகன்ற கூம்பு வடிவ மூலக்கூறுகள் இருந்தால் வளைவு சுலபம். பாஸ்பாடிடிக் அமிலம் அந்த ரகம். பாஸ்போலிபேஸ் டி1 என்ற நொதி அதைத் தேவைப்படும் இடத்திலேயே தயாரிக்கிறது, அந்த நொதியைக் குறைத்தால் சுரப்பும் குறைகிறது. நேர்மாறாக, தலை பெருத்த லைசோபாஸ்பாடிடைல் கோலின் என்ற கொழுப்பை ஒட்டவேண்டிய அடுக்கில் சேர்த்தால் தண்டு உருவாகாமல் தடைபடுகிறது. அதையே அப்பாலுள்ள அடுக்கில் சேர்த்தால், ஹார்மோன் வெளியேறும் துளை திறக்க உதவுகிறது! அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

அப்புறம் பிப்-2 என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு கொழுப்பு (முழுப்பெயர் பாஸ்பாடிடைல் இனோசிடால் பிஸ்பாஸ்பேட், பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை). செல்சவ்வின் உள் அடுக்கில் அது கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் நுண்பை தயார் நிலைக்கே வராது. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அதை உண்டாக்குவது அந்தத் தயாரிப்பின் ஒரு பகுதி. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் சினாப்டோடாக்மின் என்ற புரதம் தன் நுனிகளைச் சவ்வுக்குள் செருகுகிறது, அது பிடித்துக்கொள்வது இந்தப் பிப்-2வையும் பாஸ்பாடிடைல் செரின் என்ற இன்னொரு சவ்வுக் கொழுப்பையும்தான். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கால்சியம் வந்தும் பிரயோஜனமில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா என்றால், கிட்டத்தட்ட முடியும். சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழையை ஒரு குரோமாஃபின் செல்லின்மேல் தொட்டும் தொடாமலும் வைத்தால், ஒவ்வொரு நுண்பை காலியாகும்போதும் வெளிவரும் அட்ரினலின் இழையில் பட்டு, திரையில் மின்னோட்டம் ஊசி போல எழும்பி இறங்குகிறது. சில ஊசிகளுக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு தெரியும். துளை இன்னும் குறுகலாக இருக்கும்போது சொட்டுச் சொட்டாகக் கசிந்த அட்ரினலின் அது. எர்வின் நேயரின் குழு 1992இல் வெளியிட்ட வேலை இது. அந்த மேடு எத்தனை மில்லிவினாடி நீள்கிறது என்பதை வைத்துத்தான் துளை எவ்வளவு நேரம் குறுகலாக நின்றது என்று கணக்கிடுகிறார்கள், அதனால் சவ்வில் எந்தக் கொழுப்பைக் கூட்டினால் என்ன ஆகிறது என்பதையும் இதே ஊசிகளில் பார்த்துவிடலாம்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். பெயர் ஒற்றுமையைத் தவிர இதில் பெரிய தொடர்பு இல்லை. நான் மேலே சொன்ன பாஸ்பாடிடைல் செரினை செல் தானே தயாரித்து உள் அடுக்கில் வைத்துக்கொள்கிறது. விழுங்கியதைக் குடலின் நொதிகள் பெரும்பாலும் வெட்டிப்போட்டுவிடும். அதைவிட முக்கியம், விளம்பரத்தில் சொல்லும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிசால். அது இதே சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து வருவது, நுண்பையில் அடைத்து வைக்கப்படுவதே இல்லை. தேவைப்படும்போது கொலஸ்ட்ராலிலிருந்து தயாராகி, தானே கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் சவ்வை ஊடுருவி வெளியேறிவிடும். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது சவ்வுத்துளை கிடையாது, கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் ஸ்டார் என்ற புரதம். ஆக உங்கள் நண்பரின் மாத்திரை வேலை செய்கிறதோ இல்லையோ, அது நுண்பைகளின் வழியாக இல்லை.

கட்டுரையில் அந்த ஒற்றை வரியைத் திருத்தி, இந்தப் பதிலுக்கு இணைப்பும் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்.