மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாராயம் இறக்கினால் 200 ரூபாய்: பழைய துறைமுகச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டம் 2025 வரை உயிரோடு இருந்தது. நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றிப் பழையதை நீக்கியபின், அதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மதராஸ் துறைமுகத்தை ஒட்டிய கேள்விகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன். பம்பாய் பற்றிய ஒன்றை மட்டும் விட மனமில்லை.

கேள்வி: கப்பலில் தார் காய்ச்சக் கூடாது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாராயம் இறக்கக் கூடாது என்றெல்லாம் சட்டத்தில் இருந்ததாமே? நிஜமா, யாராவது கட்டிவிட்ட கதையா?

நிஜம்தான். கீல், தார், குங்கிலியம், டர்பன்டைன், எண்ணெய் போன்றவற்றைத் தடை செய்த இடத்தில் கப்பலில் வைத்துக் காய்ச்சினால் 200 ரூபாய் வரை அபராதம். மூடாத விளக்கை வைத்துக்கொண்டு பீப்பாயிலிருந்து சாராயம் இறக்கினாலும் அதே 200.

இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்தச் சட்டத்தின் வேர் 1855இல் இருக்கிறது. 1875, 1889 என்று திருத்தி எழுதி 1908இல் வந்து நின்றபோதும் மரக்கப்பல் காலத்துப் பயம் அப்படியே தங்கிவிட்டது. பலகை இடுக்கில் நார் திணித்துக் கீல் பூசிய கப்பல்கள் பக்கம் பக்கமாகக் கட்டிக் கிடக்கும். ஒன்றில் தீ பிடித்தால் அடுத்ததை அவிழ்த்து இழுப்பதற்குள் அதுவும் எரியும். அதனால்தான் தீ பிடித்தபோது வேண்டுமென்றே அணைக்க ஏற்பாடு செய்யாத கப்பல் தலைவனுக்கு ஆறு மாதம் சிறை அல்லது 1000 ரூபாய், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். விதி நீட்டிக்கப்பட்ட துறைமுகங்களில் 200 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் பம்பும் குழாயும் வைத்திருக்காவிட்டால் 500. துறைமுகத்துக்குள் துப்பாக்கி சுட்டால் எவ்வளவு தெரியுமா? வெறும் 50! ஆபத்து அறிவிக்க வெறும் மருந்து போட்டுச் சுடுவதற்கு அதுவும் கிடையாது. அபராதத் தொகைகளை வரிசையாகப் பார்த்தால் போதும், எதற்கு நடுங்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: இருப்பதிலேயே பெரிய தண்டனை எதற்கு?

நான் மேலே சொன்ன பாதுகாப்பு விதிகளுக்குள் என்றால், மிதவை, வழிகாட்டிக் கம்பம், கப்பலைக் கட்டி நிறுத்தும் மூரிங் ஆகியவற்றைச் சேதப்படுத்துவதற்கு. 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. மிதவை ஒரு பத்தடி நகர்ந்தாலும் அதை நம்பி இரவில் வருகிற கப்பல் மணல் திட்டில் ஏறிவிடும்.

கேள்வி: என் பாட்டனாரின் அப்பா மதராஸில் மசூலா படகு ஓட்டியவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவரை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தியிருக்கும்? (ராயபுரம் வாசகர்)

நல்ல கேள்வி. மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் புரளும் அலையைத் தாண்ட வெள்ளைக்காரனின் ஆணி அடித்த படகு உதவாது, உடைந்துவிடும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாதான் அடிபட்டாலும் வளைந்து கொடுக்கும். சலங்கு என்றும் சொல்வார்கள். கவர்னரானாலும் கடைநிலைச் சிப்பாயானாலும் அதில் ஏறித்தான் கரை சேர வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் கூடவே கட்டுமரங்கள் போகும், விழுந்தவரைத் தூக்க.

இதனால் படகோட்டிகள் கையில் ஒரு பிடி இருந்தது. பாதி வழியில் துடுப்பை நிறுத்திக் கூடுதல் காசு கேட்டார்கள் என்று அந்தக் காலப் பயணக் குறிப்புகளில் புலம்பல் நிறைய உண்டு. உயிரைப் பணயம் வைத்தவர்கள் கேட்ட காசு அது என்பது அந்தப் புலம்பல்களில் வராது. அரசு எடுத்த வழி உரிமமும் எண்ணும் கட்டணமும். 1908 சட்டத்தின் ஆறாம் பிரிவிலேயே வாடகைக்கு ஓடும் கட்டுமரங்களின் பெயர் வருகிறது. அவற்றுக்கும் சரக்கு, பயணிப் படகுகளுக்கும் உரிமம் தருவது, எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று வரையறுப்பது எல்லாம் அரசின் விதி அதிகாரத்தில் வந்தன.

அலை மோசமானால் கடற்கரைக் கொடிக்கம்பத்தில் கொடி ஏறும். ‘போக்குவரத்து கூடாது’ என்று கப்பல்களுக்கு அறிவிப்பு. அந்தக் கொடி பறக்கும்போதும் கட்டுமரக்காரர்கள் பனையோலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

உங்கள் முப்பாட்டனார் பெயரைத் தேட நினைத்தால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கடல்துறை ஆவணங்களில் தொடங்குங்கள். பெயரைவிட, தண்டல் (படகுத் தலைவன்) என்ற பதவியையும் ஊரையும் வைத்துத் தேடுவது எளிது.

கேள்வி: ‘ஏழாம் எண் புயல் கூண்டு’ என்று இன்றும் செய்தியில் சொல்கிறார்களே, இதுவும் வெள்ளைக்காரன் காலத்ததா?

ஆமாம். கல்கத்தாவில் 1865இல் புயல் எச்சரிக்கை தொடங்கியது. எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே முறை வந்தது 1898இல். பகலில் கூம்பும் உருளையும் கொடிமரத்தில் ஏற்றுவார்கள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் புயல் தொலைவில், கடலுக்குப் போகும் கப்பலுக்குத்தான் சேதி. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம். எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகிறதா, வலப்பக்கம் விட்டுப் போகிறதா, நேரே மேலே வருகிறதா என்பதே வித்தியாசம். 11 ஏறினால் வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

இந்த ஏற்பாட்டுக்கு மதராஸ் நிறைய விலை கொடுத்திருக்கிறது. 1872 மே 2 புயலில் வெளியே நின்ற கப்பல்கள் கரையில் வந்து மோதின, கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமும் உடைந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் கையால் அடிக்கல் நட்டு எழுப்பிய அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் 12 புயல் பிய்த்துப் போட்டது. சுவர் கட்டி முடித்த பிறகும் பெரும்புயல் என்றால் கப்பலை வெளிக்கடலுக்கு அனுப்புவதே முறை. உள்ளே இருந்தால் சுவரில் மோதும்.

கேள்வி: கடலடியில் கிடக்கும் பழைய நங்கூரத்தை எடுத்தால் குற்றமா?

பழைய சட்டப்படி, துறைமுக எல்லைக்குள் கன்சர்வேட்டர் (துறைமுகப் பொறுப்பு அதிகாரி) அனுமதியின்றித் துழாவினாலே 100 ரூபாய் வரை அபராதம். எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கேள்வி: பம்பாய் 1944 வெடிவிபத்தில் விதிமீறல் இருந்ததா? விபத்து மட்டும்தானா?

வெடிமருந்துக் கப்பல் துறைக்குள் வரக் கூடாது, வெளியே நின்று சிறு படகுகளில் இறக்க வேண்டும் என்பது அமைதிக்கால வழக்கம். போர் அவசரத்தில் அதைத் தளர்த்தினார்கள். ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளோடு விக்டோரியா டாக்கில் வந்து நின்றது. அதோடு தங்கக் கட்டிகளும், கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும். ஆபத்துச் சரக்குக்கு அடையாளமான சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. ஏப்ரல் 14 மதியம் புகை தெரிந்தது, மாலை 4 மணி சுமாருக்கு முதல் வெடிப்பு. நடுவில் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுப்பதா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவசரத்தில் கட்டுக் கயிற்றை வெட்டும் அதிகாரம்கூட கன்சர்வேட்டருக்கு 1908 சட்டத்தில் இருந்தது. அதிகாரம் ஏட்டில் இருந்து என்ன? என் பார்வையில் இதை வெறும் விபத்து என்று தள்ள முடியாது.

கேள்வி: அபராதம் கட்டாமல் கப்பல் ஓடிவிட்டால்?

பழைய சட்டத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. கன்சர்வேட்டர் உத்தரவு போடலாம், தண்டனை கொடுக்க முடியாது. அது மாஜிஸ்திரேட் வேலை. கப்பல் தலைவனோ உரிமையாளரோ அபராதம் கட்டாவிட்டால் கப்பலையும் பாய், கயிறு, தளவாடங்களையும் ஜப்தி செய்து விற்க மாஜிஸ்திரேட் வாரண்ட் பிறப்பிக்கலாம். துறைமுகக் கட்டணம் பாக்கி என்றால் புறப்பாட்டு அனுமதியே கிடைக்காது.

கேள்வி: துறைமுகக் கரையில் மணல் அள்ளினாலும் குற்றம் என்று படித்தேன். அப்படியென்றால் காசிமேடு, ராயபுரம் கரையைக் கடல் தின்றதற்கு யாரிடம் அபராதம் கேட்பது?

கேலியாகக் கேட்டாலும் விஷயம் சரிதான். அனுமதியில்லாமல் கல், சரளை, மணல் எடுத்தால் 100 ரூபாய் வரை அபராதம், சரிசெய்யும் செலவு தனி. அதே காலத்தில் துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து நிறுத்தியது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. பின்னால் அங்கே பாறாங்கல் கொட்டிக் கரையைக் காக்க வேண்டி வந்தது. கூடையில் மணல் அள்ளியவனைப் பிடிக்கத்தான் அந்தப் பிரிவு. துறைமுகமே அரிப்பை உண்டாக்கினால் என்ன செய்வது என்பதற்கு 1908 சட்டத்தில் வழியில்லை.