முழுநேர வேலைக்குப் போகாமல் சம்பாதிக்க முடியாதா?

முடியும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை தொழிற்சாலைகளுக்கு வைத்த உச்சவரம்பு, எல்லோரும் இப்படித்தான் பிழைக்க வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. ஆனால் சம்பளத்தோடு சத்தமில்லாமல் வந்த விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் தனியாகத் தொழில் செய்யும்போது உங்கள் தலையில்தான் விழும். வாடிக்கையாளரைத் தேடுவது, பில் அனுப்புவது, வராத பணத்தைத் துரத்துவது என்று போகும் நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள், அதனால் பழைய சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து அதையே கட்டணமாகச் சொன்னால் நஷ்டம்தான். ஒரே வாடிக்கையாளரை நம்பி ராஜினாமா செய்வதும் என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. அப்புறம், வேலையில் இருக்கும்போதே சின்னதாக ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள், உங்கள் பணி ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.