"வெறும் ஆவிதான் அம்மா" என்கிறான் மகன்

கேள்வி: மகனுக்கு 16 வயது, சாதாரண தரம் படிக்கிறான். பையில் பென்டிரைவ் மாதிரி ஒன்று கிடந்தது, மாம்பழ வாசம். கேட்டால், "புகையிலை இல்லை, வெறும் ஆவிதான் அம்மா" என்கிறான். நிலாவெளியில் சிநேகிதன் கொடுத்தானாம். தகப்பனுக்குத் தெரிந்தால் அடிப்பார். என்ன செய்வது?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அது இ-சிகரெட் (வேப்), அம்மா. புகையிலை இல்லை என்பது சரி. ஆனால் அது வெறும் ஆவி இல்லை. முதலில் அதன் லேபிளைப் பாருங்கள். 5% அல்லது 50 மி.கி. என்று இருந்தால், ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் நிக்கொட்டின் (சிகரெட்டில் இருக்கும் அதே அடிமைப்படுத்தும் பொருள்) என்று அர்த்தம். 2 மில்லிலீற்றர் நிரப்பியிருந்தால் 100 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். "நிக்கொட்டின் இல்லை" என்று அச்சிட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அப்படி விற்றவற்றிலும் நிக்கொட்டின் இருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

சிகரெட் என்றால் முதல் இழுப்பிலேயே தொண்டை காந்தும், இருமல் வரும். இதில் நிக்கொட்டினோடு அமிலம் சேர்த்து அந்தக் காந்தலைக் குறைத்திருக்கிறார்கள். அதனால் பிள்ளைக்கு அளவு தெரிவதில்லை. உள்ளே கம்பிச்சுருள் சூடேறித்தான் திரவம் ஆவியாகிறது. திரவம் வற்றி, அதை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு கருகும்போது ஃபோர்மல்டிஹைட் போன்ற நச்சுகள் கூடும். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் துகள்களும் நெஞ்சுக்குள் போகும். மூளை 25 வயது வரை வளர்கிறது. கவனமும் நிதானமும் உருவாகும் அந்த வயதில்தான் நிக்கொட்டின் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

இன்றிரவே விசாரணை வைக்காதீர்கள். அவன் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து, "எழும்பினவுடனே இழுக்க வேணும் போல இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் பழக்கம் ஊறிவிட்டது. நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடினம்: எரிச்சல், தலையிடி, தூக்கமின்மை, படிப்பில் மனம் நில்லாமை. பரீட்சை வாரத்தில் தொடங்க வேண்டாம். பாடசாலை விடுமுறையில் தொடங்குங்கள். ஆசை எழுந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணியும். அந்த நேரத்துக்குத் தண்ணீர், கச்சான், கடற்கரைப் பக்கம் ஒரு நடை போதும். நிக்கொட்டின் சுவிங்கம் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், 18 வயதுக்குக் கீழே வைத்தியர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். புகைத்தலைக் கைவிட உதவும் 1948 இலக்கத்துக்கும் அழைக்கலாம். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அந்தக் கருவியைக் குப்பையோடு எரிக்காதீர்கள், லித்தியம் பற்றரி வெடிக்கும். சின்னப் பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது. அந்தத் திரவத்தைக் கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து.

தகப்பனிடம் மறைக்க வேண்டாம். ஆனால் மகன் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அடித்தால் அவன் ஒளித்துப் பாவிக்கத் தொடங்குவான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரும் புகைப்பவர் என்றால், மகன் நிறுத்தத் தொடங்கியதிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது வீட்டிலும் முற்றத்திலும் பற்றவைக்காமல் இருக்கட்டும்.