தூரச் செந்நிறக்கீழ் நிறமாலை: வாசகர் கேள்விகள்

கே: மாதிரியைப் பொற்றாசியம் புரோமைட்டு உப்போடு கலந்து அழுத்திய வில்லையில் தூரச் செந்நிறக்கீழ் (far-infrared) நிறமாலை எடுத்தேன். அலையெண் (ஒரு சென்ரிமீற்றரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 400க்குக் கீழே ஒன்றுமே இல்லையே? (மாணவி, வெள்ளவத்தை)

ப: அந்த உப்பே அங்கே ஒளியை விழுங்கிவிடும். சீசியம் அயடைட்டு 200 வரை தாங்கும். அதற்கும் கீழே பொலித்தீன் தூள்தான்.

கே: பொலித்தீனுக்குச் சொந்த உச்சி வராதா?

ப: வரும், 73 அருகே. பளிங்குப் பகுதியின் சாலக அதிர்வு அது, அதாவது ஒழுங்காக அடுக்கிய சங்கிலிகள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடுவது. மாதிரி சேர்க்காத, அதே தடிப்பு வில்லையைப் பின்னணியாக எடுங்கள்.

கே: நைலோன் படலத்தில் 150க்கும் 250க்கும் இடையில் பல கூரிய உச்சிகள். ஐதரசன் பிணைப்பு என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (கொட்டாஞ்சேனை)

ப: தயவுசெய்து எழுதாதீர்கள். அது நீராவி. இப்படி வரும் கடிதங்களைப் பார்த்து மனம் நொந்துபோகிறது. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் சாதாரணமாக 80 வீதம். நீர் மூலக்கூறின் சுழற்சிக் கோடுகள் இந்தப் பிரதேசம் முழுக்கப் பரந்து கிடக்கின்றன. நைலோன் போன்ற பல்பகுதியத்தின் (polymer) உச்சிகள் இங்கே அகலமானவை. ஊசி போல வரிசையாக நின்றால் முதலில் நீராவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். படலத்தின் தடிப்பை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். உறிஞ்சலும் இரட்டித்தால் மாதிரியுடையது, அசையாமல் நின்றால் காற்றுடையது. கருவியின் மாதிரிப் பெட்டியைத் திறந்து மூடியதும் அளக்கக் கூடாது. உலர் நைதரசன் அரை மணி நேரமாவது ஓடட்டும். வெற்றிடக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. நைலோனே ஈரத்தை உறிஞ்சும், ஆகவே படலத்தையும் வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள். அப்புறம், தடிப்பு, பிரிதிறன், உலர்த்திய நேரம் எதையும் எழுதாமல் வெறும் வரைபை அனுப்பி விளக்கம் கேட்டால் நான் என்ன சொல்வது?

கே: வரைபு முழுக்கச் சீரான அலைகள். கருவி பழுதா?

ப: இல்லை. படலத்தின் இரு முகங்களிலும் தெறிக்கும் ஒளியின் குறுக்கீடு. முறிவுச் சுட்டி 1.5, அலைகளின் இடைவெளி அலையெண்ணில் 33 என்றால் தடிப்பு ஏறக்குறைய 100 மைக்ரோமீற்றர். மெல்லிய உப்புத்தாளால் ஒரு முகத்தைத் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கே: கறுப்பு டயர் இறப்பரில் எடுக்கலாமா?

ப: கரித்தூள் ஒளியை விடாது. கரி கலக்காத இறப்பரில் தொடங்குங்கள்.

கே: டெராஹேர்ட்ஸ் கருவி இதற்கு மாற்றா? (தெஹிவளை)

ப: ஒரு டெராஹேர்ட்ஸ் (செக்கனுக்கு இலட்சம் கோடி அதிர்வுகள்) என்றால் அலையெண் 33. இரண்டும் ஒரே பிரதேசத்தில்தான் சந்திக்கின்றன. 100க்குக் கீழே அது மிக நல்ல கருவி, மேலே போனால் பழைய முறையே கைகொடுக்கும். நீராவித் தொல்லை அதிலும் உண்டு. உலர் வாயு ஓடாமல் அளக்காதீர்கள்.