துலியும் துலாபாரமும்

அன்புள்ள சார்,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் டிரான்ஸ்ஃபர் வந்தது. வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, சட்டம் படிக்கும் என் மகள், "டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் ஒரே லத்தீன் வினைச்சொல்தான்ப்பா" என்றாள். நான் நம்பவில்லை. அகராதியைத் திறந்து காட்டினாள். ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும் என்று நாலு வடிவம் போட்டிருந்தது. முதல் இரண்டும் சரி, மற்ற இரண்டும் யார் வீட்டுப் பிள்ளைகள்? இன்னொரு சந்தேகமும் உண்டு. தமிழ்ப் 'பொறு'தான் ரோமுக்குப் போய் 'ஃபெர்' ஆனது என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகள் சொன்னது சரி. லத்தீன் அகராதிகளில் ஒரு வினையை இப்படி நாலு வடிவங்களாகக் கொடுப்பதுதான் வழக்கம். ஃபெரோ என்றால் 'சுமக்கிறேன்', ஃபெர்ரே 'சுமக்க', துலி 'சுமந்தேன்'. லாத்தும் என்ற நாலாவதிலிருந்து 'சுமக்கப்பட்ட' என்ற பொருளுள்ள எச்சம் பிறக்கும். இந்த நாலும் தெரிந்தால் மற்ற வடிவங்களைப் பெரும்பாலும் நாமே கட்டிக்கொள்ளலாம்.

நிகழ்காலம் இப்படிப் போகும்: ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்த்திஸ், ஃபெருந்த். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசை. மற்ற வினைகளில் நடுவே வரும் 'இ' இதில் சில இடங்களில் விழுந்துவிடும். ஏவலும் வெறும் 'ஃபெர்'தான். நம் வா, போ போல அத்தனை மொட்டையாக ஏவல் வரும் வினைகள் லத்தீனில் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

துலி எங்கிருந்து வந்தது? அது வேறொரு வினையின் பிள்ளை, இங்கே தத்து வந்தது. 'தெல்', 'தொல்' என்று ஒலித்த பழைய வேர் ஒன்று உண்டு. பொருள் தூக்குதல், தாங்குதல். துலி அதன் இறந்தகாலம். பழைய ரோம நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகங்களில் இன்னும் பழைய வடிவமாக 'தெத்துலி' என்றே வருகிறது. லாத்தும் மூன்றாவது வீடு என்று தோன்றும், அதுதான் வேடிக்கை. அது முதலில் 'த்லாத்தும்'. முன்னால் இருந்த 'த்' உதிர்ந்துவிட்டது. ஆக துலியும் லாத்தும்மும் உடன்பிறப்புகள். வேர்கள் மூன்றல்ல, இரண்டுதான்.

ஏன் இந்தக் கடன்? சுமப்பது நீண்டுகொண்டே போகிற வேலை, தூக்குவது சட்டென்று முடிந்துவிடுகிற வேலை. 'ஃபெர்'ரின் மூல வேருக்கு முடிந்த செயலைச் சொல்ல வடிவம் இல்லாததால் பக்கத்து வேரிலிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் கிரேக்கத்திலும் இதே வினைக்கு இதே தொல்லை. அங்கே நிகழ்காலம், எதிர்காலம், இறந்தகாலம் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வேர்கள்! நம் 'வா' எவ்வளவோ மேல். வருகிறேன், வந்தேன், வாராது என்று உருவம் மாறினாலும் வீடு மாறுவதில்லை.

ஆங்கிலம் இரண்டு வேரையும் வாரிக்கொண்டது. ரெஃபர் - ரிலேட், கன்ஃபர் - கொலேட், டிரான்ஸ்ஃபர் - டிரான்ஸ்லேட், எல்லாம் ஜோடிகள். நீங்கள் வங்கிக்காரர் என்பதால் ஓர் எச்சரிக்கை: கொலாட்டரல் இந்தக் குடும்பம் இல்லை. அது 'பக்கம்' என்ற பொருளுள்ள லாத்துஸ் என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பை லத்தீன்காரர் அக்கரைக்குச் சுமந்து போவதாகப் பார்த்தார்கள். தொல்காப்பியம் 'மொழிபெயர்த்து' என்கிறது. நமக்கு அது பெயர்தல், இடம் மாறுதல்.

பொருளிலும் இந்த வினை நிறைய இடம் சுற்றியிருக்கிறது. மரம் காய்ப்பதும், பாதை ஓரிடத்துக்கு இட்டுச்செல்வதும், சட்டம் முன்மொழிவதும் ஃபெர்ரேதான். வெறுமனே ஃபெருந்த் என்றால் 'என்று சொல்கிறார்கள்'. நம் புலவர்கள் 'என்ப' என்று போடும் இடத்தில் அப்படியே உட்காரும். ரோமக் கவி வெர்ஜிலின் இடையர் பாட்டுகளில் ஒன்பதாவதில் பாட்டெல்லாம் மறந்துபோன கிழ இடையன் ஒருவன், காலம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது, மனதையும்கூட என்கிறான். அந்த 'தூக்கிக்கொண்டு போகிறது' வெறும் ஃபெர்த். ஒரே அசை.

இனி 'பொறு'. உங்கள் நண்பருக்கு ஏன் ஆசை வந்தது என்று புரிகிறது. பொறு என்றாலும் சுமப்பது, சகிப்பது இரண்டும், ஃபெர்ரேவும் அப்படியே. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்று தொடங்கி 'பொறுத்தல் தலை' என்று வள்ளுவர் முடிக்கும் குறளில் தாங்கு, பொறு இரண்டுமே நிற்கின்றன. ஆனால் சுமையிலிருந்து சகிப்புக்குப் போவது பல மொழிகளும் தனித்தனியே நடந்த வழி. ஒலியைப் பாருங்கள். லத்தீன் 'ஃப' (f) பல சொற்களில் சமஸ்கிருத 'ப⁴'வுக்கும் (bh) ஆங்கில 'ப³'வுக்கும் (b) நேராக வரும்: ஃப்ராத்தெர், ப்ராதா, பிரதர். அதே வரிசையில்தான் லத்தீன் ஃபெரோ, சமஸ்கிருத பராமி ('சுமக்கிறேன்'), ஆங்கில பேர் (bear). பொறுவுக்கு வேறு சொந்தங்கள்: கன்னடத்தில் ஹொறு, நம் பொறைக்கு அங்கே ஹொரெ. தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816லேயே எழுதிவிட்டார்.

நண்பரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. பராமியின் வேரிலிருந்து வந்ததுதான் 'பாரம்'. சமையலறைச் சம்பாரமும் அதே வேர், சேர்த்துக்கொண்டுவந்தது என்று பொருள். ஆக கான்ஃபரன்சுக்கும் சம்பாரத்துக்கும் தூரத்து உறவு. துலியின் வேர் சமஸ்கிருதத்தில் 'துலா' ஆனது: தூக்கி நிறுக்கும் தராசு. கிணற்று ஏற்றத்தின் துலாவும் அந்தப் பெயர்தான். குருவாயூரில் குழந்தையை ஒரு தட்டில் உட்கார வைத்து மறுதட்டில் வாழைப்பழமோ சர்க்கரையோ ஏற்றுவார்களே, துலாபாரம்? அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முன்பாதி துலி, பின்பாதி ஃபெரோ. மகளிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.