கோடரி காத்த காடு

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹைகேட் உட் என்ற இடத்துக்கு அழைத்துப் போனாள். சுற்றிலும் வீடுகள், நடுவே காடு. ‘பழங்காடு’ என்றாள். மனிதர் கை படாத காடு இவ்வளவு பெரிய நகரத்துக்குள் எப்படிப் பிழைத்தது?

பதில்: கை படாத காடா? அங்கே படாத கையே இல்லை, அம்மா. 1960, 70களில் அங்கே தோண்டிப் பார்த்தபோது ரோமானியர் காலத்துச் சூளைகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே குயவர்கள் அங்கே சட்டிபானை சுட்டிருக்கிறார்கள். காலடியில் களிமண், கைக்கெட்டும் தூரத்தில் விறகு, வேறென்ன வேண்டும்? இடைக்காலத்தில் அது லண்டன் பிஷப்பின் வேட்டைக்காட்டில் ஒரு பகுதி. பிறகு குத்தகைக்காரர்கள் வந்தார்கள். காடு நிலைத்தது இவர்கள் கைவரிசையால்தான் என்பது என் கட்சி.

அடுத்த முறை போனால் ஹார்ன்பீம் மரத்தின் அடியைக் குனிந்து பாருங்கள். ஒரே அடிக்கட்டையிலிருந்து நான்கைந்து தண்டுகள் பிரிந்து எழும். தரையை ஒட்டி வெட்டி, துளிர்க்கவிட்டு, பதினைந்து இருபது ஆண்டுகளில் மறுபடி வெட்டியதன் தழும்பு அது. வெட்டிய கழி விறகாகவும் கரியாகவும் போனது. ஹார்ன்பீம் இரும்பு மாதிரி மரம். நுகத்தடிக்கும் ஆலைப் பற்சக்கரத்துக்கும் தேடி வாங்குவார்கள். இடையிடையே ஓக் மரங்களை மட்டும் கப்பலுக்கும் வீட்டுக்கும் உத்தரமாகட்டும் என்று நெடிது வளரவிட்டார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக வருமானம் தந்த காட்டை எவன் உழுது வயலாக்குவான்?

கேள்வி: சரி, விறகு வியாபாரம் படுத்த பிறகு? வீடு கட்டுபவர்கள் விட்டுவைத்தார்களா?

பதில்: அங்கேதான் ஆபத்து வந்தது. 1873இல் காட்டை ஒட்டியே அலெக்ஸாண்ட்ரா அரண்மனைக்கு ரயில் பாதை போட்டார்கள். ரயில் வந்தால் பின்னாலேயே மனை வியாபாரமும் வரும். நிலம் அப்போது தேவாலயச் சொத்துகளை நிர்வகித்த ஆணையத்தின் கையில். ஊர்க்காரர்கள் போராடினார்கள்; முன்னின்றவர் ஹார்ன்சி உள்ளாட்சி வாரியத் தலைவர் ஹென்றி ரீடர் வில்லியம்ஸ். 1886இல் ஹைகேட் உட் லண்டன் சிட்டி மாநகராட்சிக்கு இலவசமாகவே வந்தது. அதுவரை அதன் பெயர் ‘கிராவல்பிட் உட்’, சரளைக்குழிக் காடு.

சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த காட்டுக்கு மட்டும் அந்தத் தாராளம் இல்லை. 1898இல் ஹார்ன்சி மன்றம் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. ‘சர்ச்யார்டு பாட்டம்’ என்று மயானத்தை நினைவூட்டும் பெயரை மாற்றி, அப்போது ஆண்ட விக்டோரியா அரசியைச் சிறப்பித்துக் குயின்ஸ் உட் ஆக்கினார்கள். வில்லியம்ஸுக்குப் பக்கத்துப் பகுதியான கிரௌச் எண்டில் மணிக்கூண்டு எழுப்பினார்கள். அதன் கீழே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியுமோ!

கேள்வி: ‘பழங்காடு’ என்பதற்குக் கணக்கு ஏதாவது உண்டா, சும்மா பெருமையா?

பதில்: உண்டு. இங்கிலாந்தில் 1600 முதல் இடைவிடாமல் காடாக இருந்திருந்தால் பழங்காடு. அதற்கு முன் காடு நட்டு வளர்ப்பது அபூர்வம். ஆகவே அப்போதே இருந்த காடு தானாக வளர்ந்ததாகத்தான் இருக்கும் என்ற அனுமானம். மரத்தின் வயது இதில் கணக்கில்லை, மண்ணின் தொடர்ச்சிதான் கணக்கு. அதனால் நேற்று முளைத்த கன்றும் பழங்காட்டு மரமே.

ஏட்டில் சான்று இல்லாத இடத்தில் செடிகளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். வுட் அனிமோன் என்ற வெள்ளைப் பூச்செடி வேர்த்தண்டால் நகர்ந்து, நூறு ஆண்டில் ஏறத்தாழ 6 அடிதான் பரவும். அது தரை முழுக்க விரிந்திருந்தால் காட்டின் வயதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ‘வைல்ட் சர்வீஸ்’ மரமும் அப்படித்தான். அந்தக் குளிரில் விதை முளைப்பது அரிது, பெரும்பாலும் வேர்க்கன்றால்தான் பெருகும். இரண்டு காடுகளிலும் இருக்கிறது. ஒரேயொரு செடியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். யாராவது தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நட்டிருக்கலாம்.

கேள்வி: குயின்ஸ் உட்டில் வேலி போட்டு மரங்களை அடியோடு வெட்டியிருந்ததைப் பார்த்தேன். காப்பாற்றிய காட்டை இப்படியா செய்வது?

பதில்: அடியோடுதான், வேரோடு அல்ல. வெட்டு நின்றுபோனதும் ஹார்ன்பீம்கள் குடை விரித்துத் தரையை இருட்டாக்கின. கீழே பூச்செடிகள் ஒடுங்கின. நடப்பவர்கள் கால் பட்டு மண்ணும் இறுகியது. அதனால் சிறு திட்டுகளில் பழைய முறைப்படி வெட்டி வெயிலை உள்ளே விடுகிறார்கள். துளிரை மிதிக்காமலிருக்கத்தான் வேலி. எனக்கு இதில் முழுச் சம்மதம். முன்பே தொடங்கியிருக்கலாம்.

கேள்வி: போய்ப் பார்க்க ஏற்ற காலம் எது? டிக்கெட் உண்டா?

பதில்: டிக்கெட் கிடையாது. மரங்கள் முழுக்கத் தழைக்கும் முன், ஏப்ரலில் போங்கள். பூப்பார்க்க முதலில் குயின்ஸ் உட். ஹைகேட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஹைகேட் உட்டில் இருட்டும் நேரம் கதவைப் பூட்டிவிடுவார்கள், கவனம்.