எடை ஏறட்டும் என்று ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்

31 வாரத்தில் 1.3 கிலோ எடையோடு பிறந்த பிள்ளைக்கு இப்போது ஏழு மாதம். முந்திப் பிறந்த ஒன்பது வாரத்தைக் கழித்தால் ஐந்து மாதம்தான் ஆகிறது, ஃப்ளூ ஊசிக்கு இன்னும் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காத்திருக்க வேண்டாம். கழுத்து நிற்பது, கவிழ்வது, உட்காருவது இதற்கெல்லாம்தான் குறைந்த வாரங்களைக் கழித்துப் பார்ப்பார்கள். தடுப்பூசிக்கு அந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிதான் கணக்கு. அன்றிலிருந்து ஆறு மாதம் முடிந்தால் போடலாம். எடை குறைவு என்று மருந்தின் அளவையும் குறைப்பதில்லை.

என் மகளும் மாசம் திகையாமல் பிறந்தவள். "இத்திரி பிள்ளைக்கு எதுக்கு இத்தனை ஊசி, கொஞ்சம் எடை வைக்கட்டும்" என்றார் மாமியார். தக்கலைப் பக்கம் இதைச் சொல்லாத வீடு குறைவு, பாசத்தில் சொல்வதுதான். எங்கள் குழந்தை மருத்துவர் அவரையே உட்காரவைத்து விளக்கினார். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் பிள்ளைக்குப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேர்கிறது. முன்னாலேயே பிறந்த பிள்ளைக்கு அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். நுரையீரலும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது; வென்டிலேட்டரில் இருந்த பிள்ளை என்றால் அந்தப் பாதிப்பு நெடுநாள் தங்கும். நமக்கு நாலு நாள் காய்ச்சலோடு போகிற ஃப்ளூ, இந்தப் பிள்ளைகளுக்கு நிமோனியாவாகி மறுபடி ஐசியூவில் கொண்டுபோய் விடும். சின்னதாகப் பிறந்ததாலேயே இவர்களுக்குத் தள்ளாமல் போட வேண்டும்.

முதல் வருடம் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. முதல் ஊசிக்குப் பிறகு பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இந்த வயதில் ஒன்று போதாது. இரண்டாவது போட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் நல்ல பாதுகாப்பு வரும்.

நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழைக்காலத்தில்தான் ஃப்ளூவும் ஏறும். ஏப்ரல், மே மாதத்திலேயே தொடங்கினால் ஜூனுக்கு முன் இரண்டும் முடியும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு வயது ஆகிவிட்டது, மாதம் பார்த்து உட்கார வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் அட்டவணையில் இந்த ஊசி இல்லை. ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், ஆனால் காசு நம்முடையது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குழந்தை மருத்துவர்களிடம் போனில் இருப்பு கேட்டுவிட்டுப் போங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்காவது அரசே இதைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்த வீட்டுக்கு இது இன்னொரு சுமை.

வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பால் கொடுக்கிறீர்கள் என்றாலும் தடையில்லை. சர்க்கரையோ ஆஸ்துமாவோ உள்ள பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களுக்கே அது தேவை. ஆறு மாதத்துக்கு முன் பிள்ளைக்கு ஊசி கிடையாது என்பதால், அதுவரை சுற்றியிருப்பவர்கள்தான் காவல். பிள்ளை பார்க்க வருகிறவர் தும்மினால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. தொடையில் சிவப்பு, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொண்டுபோங்கள். முந்தைய ஊசிக்குப் பின் மூச்சு நின்று வந்திருந்தால், கடும் ஒவ்வாமை இருந்திருந்தால், அன்று நல்ல காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஊசி போட்ட பிள்ளைக்கும் ஃப்ளூ வரலாம், கடுமை குறையும். மூச்சு வேகமாக இழுத்தாலோ, விலா எலும்பு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலித்தாலோ இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.